வில்லிவில்லி மரமும் பாக்கியின் பலகையும்

எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லையில் வேலியோரமாக ஒரு கல்யாண முருங்கை நின்றது. சளி பிடித்தால் அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுத் தருவார். ஒருமுறை காற்றில் முறிந்து, காய்ந்து கிடந்த கிளையைத் தூக்கினேன், தொடை பருமன் இருந்த கட்டை ஒரு கையோடு வந்துவிட்டது. ஹவாய்த் தீவுகளின் பழைய அலைச்சறுக்குப் பலகைகளைப் பற்றிப் படிக்கும்போது வில்லிவில்லி என்ற மரத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. என்ன மரம் என்று தேடினால், நம் கல்யாண முருங்கையின் சொந்தம், ஒரே பேரினம்! அதன் பிறகு அந்தப் பலகைகளை விட்டு என்னால் விலகவே முடியவில்லை.

ஹவாய்க்காரர்கள் இந்த விளையாட்டை ஹேஎ நலு என்பார்கள், அலையில் வழுக்கிப் போவது. பலகைகளில் முக்கியமாக மூன்று. படுத்துக்கொண்டு போகிற சின்னப் பலகை பைப்போ. ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ நீளமாக, மெல்லிசாக இருப்பது அலாயா, பெரும்பாலும் கோவா என்ற ஹவாய் மரத்தில் செய்தது. அப்புறம் ஓலோ. அது தலைவர்கள் ஏறும் பலகை, 15 அடிக்கு மேல் நீளும், அதற்குத்தான் லேசான வில்லிவில்லியைத் தேடினார்கள். எதிலும் அடியில் மீன்துடுப்பு மாதிரி எதுவும் கிடையாது, காலையோ கையையோ தண்ணீரில் இழுத்தும் உடம்பைச் சாய்த்தும்தான் திருப்ப வேண்டும்.

பலகை செய்யும் முறையைப் படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மரத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் அதன் அடியில் கூமு என்கிற சிவப்பு மீனை வைப்பார்கள், வெட்டிச் சாய்த்த பிறகு வேர்ப்பக்கம் குழி தோண்டி அந்த மீனைப் பிரார்த்தனையோடு புதைப்பார்கள், எடுத்துக்கொண்டதற்கு ஈடாக. பிறகு கல்வாய்ச்சியால் செதுக்கி, பவளக்கல்லாலும் சொரசொரப்பான வேறு கல்லாலும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். குக்குயிக் கொட்டையைச் சுட்ட கரியையும் மரவேர்ச் சாற்றையும் பூசிக் கறுப்பேற்றி, மேலே எண்ணெய் விட்டு மெருகேற்றினால் முடிந்தது. கடலுக்குப் போய் வந்ததும் காயவைத்து, எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி, வீட்டுக்குள்ளேயே தொங்கவிடுவார்களாம். வீட்டு ஆள் மாதிரிதான்.

'மிஷனரிகள் வந்து அலைச்சறுக்கைத் தடை செய்தார்கள், அது செத்துப்போய்விட்டது, பிறகு வெளியிலிருந்து வந்தவர்கள் மீட்டார்கள்' என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். 1779-இல் கேப்டன் குக்கின் கப்பலிலிருந்த ஜேம்ஸ் கிங், கியாலகெகுவா விரிகுடாவில் இருபது முப்பது பேர் பலகையோடு அலைக்குள் பாய்வதை எழுதி வைத்தார். 1819-இல் அரசர் லிஹோலிஹோ இதைச் செய்யக்கூடாது, அதைத் தொடக்கூடாது என்கிற பழைய கபு விதிமுறைகளை முடித்துவைத்தார், அவற்றோடு சடங்குகளும் மக்காஹிக்கித் திருவிழாவும் போயின. மறு ஆண்டுதான் மிஷனரிகளே வந்து இறங்கினார்கள். ஆணும் பெண்ணும் அரைகுறை ஆடையோடு கடலில் கூடுவதும் பந்தயம் கட்டுவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வந்த நோய்கள் ஊர் ஊராக மக்களை அள்ளிக்கொண்டு போனதுதான் பெரிய அடி, பலகை இருந்தாலும் ஏற ஆள் வேண்டுமே.

அப்படியும் விடவில்லை. ஆப்னர் பாக்கி என்ற பிரபு மிஷனரிகள் வந்த பிறகும் ஓலோவில்தான் அலையேறினார். அவருடைய பலகைகள் ஹொனலூலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒன்று ஏறத்தாழ 16 அடி, எடை 70 கிலோ பக்கம். அந்த அருங்காட்சியகமே அவர் மகள் பெர்னிஸ் பவாஹியின் நினைவாக எழுந்ததுதான். 1885-இல் கலிஃபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஹவாய் இளவரசர்கள், சான்டா குரூஸில் அந்த ஊர் ரெட்வுட் மரத்தில் பலகை அறுக்கச்சொல்லி அங்கேயே அலையேறிக் காட்டினார்கள். 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோக்கு, 1914–15 கோடையில் சிட்னி போய், அங்கே கிடைத்த பைன் மரத்தில் தானே பலகை செதுக்கி ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் ஏறினார், அந்தப் பலகை இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறது. இவர்களெல்லாம் ஹவாய்க்காரர்கள்தானே, யார் யாருக்கு எதை மீட்டுக் கொடுத்தது?

பாக்கியின் பலகைகளைப் பழுதுபார்த்த டாம் பிளேக் என்ற அமெரிக்க அலைச்சறுக்கு வீரர், அவற்றைப் பார்த்தே 1926-இல் ஒரு பலகை செய்தார். எடை குறைய நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு மேலே மெல்லிய மரத்தை ஒட்டினார், உள்ளே வெற்றிடமான பலகைகள் அங்கிருந்து கிளம்பின. அதன் பிறகு பால்சா, ஃபைபர்கிளாஸ், நுரை என்று போய்விட்டது.

வில்லிவில்லிக்கு ஒரு சோதனை வந்தது. 2005-இல் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிறு குளவி ஹவாய்க்குள் நுழைந்து, இலைகளிலும் தளிர்களிலும் முண்டு முண்டாக வீங்கவைத்து மரங்களைச் சாகடித்தது. அதே குளவி நம் பக்கத்துக் கல்யாண முருங்கைகளையும் விட்டுவைக்கவில்லை. 2008-இல் அதைத் தின்னும் இன்னொரு குளவியை டான்சானியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மிஞ்சிய மரங்கள் தழைத்தன, கோடை வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு மறுபடி ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கின்றன.