பதிவு ‘செயல்பாட்டில் உள்ளது’, தேடலில் மட்டும் இல்லை

வீட்டை விடுமுறை வாடகைக்கு ஓர் இணையதளத்தில் பதிவு செய்யும் வேலை எளிதாகவே முடிந்தது. அடையாளச் சரிபார்ப்பு, படங்கள், வசதிகளின் பட்டியல் எல்லாம் ஒரே மாலையில் ஆகிவிட்டன. பதிவுக்கு எதிரே ‘செயல்பாட்டில் உள்ளது’ என்றும் வந்துவிட்டது. ஆனால் விருந்தினர் தேடும் பக்கத்தில் போய்த் தேதி போட்டுத் தேடினால் வீடு எங்குமே இல்லை. புதிய பதிவு தேடலில் ஏறுவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகும் என்பார்கள். அந்த அவகாசம் தாண்டிப் பல நாள் ஆகியும் வரவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். “உங்கள் பதிவு சரியாகவே உள்ளது. தேடல் வரிசை பல காரணிகளைப் பொறுத்தது. விலையைக் குறைத்துப் பாருங்கள்” என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். வேறொருவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதே மூன்று வாக்கியங்களை அனுப்பினார். என் கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை. வீடு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. இல்லவே இல்லை என்றுதான் சொன்னேன். பூட்டிக் கிடக்கும் கடையில் விலைப் பலகையை மாற்றி எழுதி என்ன பயன்?

புதிதாகப் பதிவு செய்பவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். தேடலில் வராமலே இருப்பது ஒரு கோளாறு. வந்தும் பின்பக்கங்களில் கிடப்பது இன்னொரு கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள். வரைபடத்தை உங்கள் தெரு அளவுக்குப் பெரிதாக்குங்கள். அந்தச் சின்னப் பரப்பில் போட்டிக்கு ஆளே இருக்காது. தேதி எதுவும் தராதபோதும் அங்கே உங்கள் வீடு தெரியவில்லை என்றால் அது வரிசைச் சிக்கல் அல்ல. தெரிந்தால், தேதியைச் சேருங்கள். பிறகு விருந்தினர் எண்ணிக்கை. பிறகு ஃபில்டர்களை ஒவ்வொன்றாக. எந்த இடத்தில் வீடு மறைகிறதோ அங்கேதான் முள் இருக்கிறது.

என் வீடு தேதி சேர்த்தவுடன் மறைந்தது. வார நாள்களுக்குத் தேடினால் வந்தது. வெள்ளி, சனி சேர்ந்தால் போய்விட்டது. மூன்று இரவு கேட்பவருக்கு மூன்று இரவும் காலியாக இருந்தால்தான் தேடல் உங்கள் வீட்டைக் காட்டும். ஓர் இரவு அடைபட்டிருந்தால் போதும், அந்தத் தேடலில் நீங்கள் கிடையாது. விடுமுறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தேடுவதோ வார இறுதிக்கு.

காரணம் காலண்டர் இணைப்பு. வீட்டை இரண்டு தளங்களில் பதிவு செய்து, இரண்டின் காலண்டரையும் ஐகால் (iCal) இணைப்பால் கோத்திருந்தேன்; ஒரு தளத்தில் அடைபட்ட தேதிகளை மற்றத் தளம் படித்துக்கொள்ளும் வழி அது. பலரும் செய்வதுதான், இரட்டை முன்பதிவைத் தவிர்க்க அது சுலபமான வழி. மின்கம்பி மாற்றும் வேலைக்காக முதல் தளத்தில் சில வார இறுதிகளை அடைத்து வைத்தேன், வேலை முடிந்ததும் திறந்துவிட்டேன். இதற்குள் இரண்டாவது தளம் அந்த அடைப்பை இறக்கிக்கொண்டு, தன்னுடைய சொந்த அடைப்பைப் போலவே திருப்பி அனுப்பியிருக்கிறது. முதல் தளம் அதை வாங்கிக்கொண்டது. நான் இங்கே திறந்தால் அங்கிருந்து வந்து அடைத்தது. அங்கே திறந்தால் இங்கிருந்து போய் அடைத்தது. வெளியிலிருந்து இறங்கிய அடைப்பைத் திருப்பி அனுப்பாமல் வடிகட்டுவது தளத்தின் பொறுப்பு. அதைச் செய்யாத தளமும் இருக்கிறது என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் இரண்டாவது தளத்தின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் இணைப்பு இல்லாத நேரத்தில் இரண்டு பேர் ஒரே தேதியைப் பிடித்துவிடுவார்கள். பிறகு இரு பக்க இணைப்பையும் நீக்குங்கள். உண்மையான முன்பதிவுகளைத் தவிர மற்ற அடைப்புகளை இரு பக்கமும் துடையுங்கள். ஒரு திசையில் மட்டும் இணைத்துப் பாருங்கள். ஐகால் உடனே புதுப்பிக்காது, சில மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இழுக்கும். ஆகவே மறுநாள் பார்த்துவிட்டு மற்ற திசையை இணையுங்கள். அவசரப்பட்டால் பழைய அடைப்பு மீண்டும் வந்து உட்கார்ந்துவிடும்.

வார இறுதிகள் திறந்தன. ஆனாலும் ஐந்து பேருக்குத் தேடினால் வீடு மறைந்தது. பதிவில் ஆறு பேர் என்று தெளிவாக இருக்கிறது. நான்கிலிருந்து ஆறாக மாற்றிப் பல நாள் ஆகிறது. இம்முறை சேவை மையத்துக்குக் கதை எழுதவில்லை. இரண்டு திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) மட்டும்: ஒன்று நான்கு பேருக்கான தேடல், இன்னொன்று ஐந்து பேருக்கானது, தேதியும் வரைபடப் பரப்பும் ஒன்றே. கீழே ஒரே ஒரு கேள்வி: “இந்த இரண்டாவது தேடலுக்கு என் பதிவு தகுதியுள்ளதா, இல்லையா?” அந்த ஒரு கேள்விதான் விஷயத்தைத் தொழில்நுட்பப் பிரிவுவரை கொண்டுபோனது. தேடல் அட்டவணையில் பழைய எண்ணிக்கையே தங்கியிருந்தது என்று ஒப்புக்கொண்டு புதுப்பித்தார்கள். அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. அவர்களுக்கு எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: “ஏன் வரவில்லை” என்று கேட்காதீர்கள், ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். குறைந்தபட்ச இரவுகள், முன்னறிவிப்பு நேரம், உடனடி முன்பதிவு ஆகியவற்றில் தளம் தானாக வைத்த தேர்வுகளைத் திறந்து பாருங்கள். ஃபில்டரில் வரும் வைஃபை, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றை விவரணையில் எழுதியிருந்தால் போதாது. அதற்குரிய கட்டத்தில் குறியிட வேண்டும். ஃபில்டர் விவரணையைப் படிப்பதில்லை.

தெரிய ஆரம்பித்த பிறகுதான் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். நான் பதிவு செய்த தளம் அதுவல்ல என்றாலும், ஏர்பிஎன்பி என்னும் விடுமுறை வாடகைத் தளத்தின் பொறியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று எனக்குத் தெளிவு தந்தது. புதிய பதிவுக்குக் கடந்தகால முன்பதிவோ மதிப்புரையோ கிடையாது. அதனால் அருகிலுள்ள, அதே அளவு ஆட்களைத் தாங்கும் வீடுகளுக்குக் கிடைக்கும் வரவேற்பின் சராசரியை வைத்துப் புதியதை மதிப்பிடலாம் என்கிறார்கள். அப்படி மதிப்பிடும் தளத்தில் வரைபடப் புள்ளியும் ஆட்களின் எண்ணிக்கையும் தவறாக இருந்தால், தவறான வீடுகளோடு நம்மை ஒப்பிட்டுவிடும்.

இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1150 ஒழுங்குமுறை 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே இயங்கும் தளங்கள் தரவரிசையின் முக்கிய அளவுகோல்களைத் தம் விதிமுறைகளில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. என் தளத்திலும் அப்படியொரு பக்கம் இருந்தது. இத்தனை கடிதங்களில் ஒருவர்கூட அதன் இணைப்பைத் தரவில்லை என்பது இன்னும் ஆறவில்லை. துப்புரவுக் கட்டணம் சேர்ந்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிடுகிறார்கள் என்பது அதில் இருந்தது. தனிக் கட்டணத்தைக் குறைத்து, இரவு வாடகையில் சிறிது ஏற்றினேன். குறுகிய தங்கல்களுக்கான தேடலில் வீடு நன்றாகவே முன்னேறியது.

பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், புதியவர்களுக்கான சலுகை மீண்டும் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். செய்யாதீர்கள். சேர்த்த மதிப்புரைகள் போய்விடும், காலண்டர் இணைப்பையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். புதிய பதிவுகளுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் என் வீடு மறைந்திருந்த நாள்களிலேயே கழிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இனி யாராவது பதிவு செய்வதென்றால், காலண்டரும் எண்ணிக்கையும் சரிபார்த்து முடியும்வரை ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தாதீர்கள்.

முதல் முன்பதிவு ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது, ஒரு சனிக்கிழமைக்கு.