ஐந்தாம் எதிரி சொல்ல நினைத்த பதில்

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவு, அதாவது கொலையோடு கூடிய கூட்டுக்கொள்ளை வழக்கில், தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி எதிரி (குற்றம் சாட்டப்பட்டவன்) சொல்ல வரும் பதிலே பல நேரம் அவனைச் சிக்க வைத்துவிடும். என் ஐந்தாம் எதிரி சொல்ல நினைத்ததும் அப்படிப்பட்டதுதான்: "நான் வீட்டுக்குள்ள போகவே இல்ல சார். வேன்லதான் உட்கார்ந்திருந்தேன்."

மறுநாள், அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313-ஆம் பிரிவின்படி நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேட்கும் கேள்விகள். சட்ட உதவியில் எனக்கு வந்த வழக்கு அது. முதல் எதிரி பெரியவரின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்தியிருக்கிறான். மற்ற மூவர் அடுத்த அறையில் பீரோவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கட்சிக்காரன் வேன் ஓட்டி வந்தவன். நகை எடுக்கப் போகிறார்கள் என்பது தெரியும், சாவு நடந்தது மறுநாள்தான் தெரியும் என்றான். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

"வேன்ல இருந்தேன்னு சொன்னா நீதான் தம்பி அஞ்சாவது ஆள். நாலு பேர்னா வெறும் கொள்ளை. அஞ்சு பேர்னா கூட்டுக்கொள்ளை. அதுல ஒருத்தன் கொலை பண்ணாலும் அஞ்சு பேருக்கும் தூக்கு வரைக்கும் போகலாம்."

"நான் கொல்லலைன்னு சொல்றதுகூடத் தப்பா சார்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் பொய் வழக்கு என்று சொல்லு, போதும் என்றேன்.

தொழில்படி பார்த்தால் இதில் குறை காண எதுவும் இல்லை. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் அன்றைய சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் இருட்டில் பார்த்தது வண்டியைத்தான், ஓட்டியவனை அல்ல. 313-இல் சத்தியப்பிரமாணம் கிடையாது, தவறான பதிலுக்குத் தண்டனையும் கிடையாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. வழக்கில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது அரசுத் தரப்பின் வேலை. என் கட்சிக்காரன் ஏன் அடைக்க வேண்டும்?

சரி, அப்புறம் ஏன் அந்தக் கேள்வி இன்னும் காதில் கேட்கிறது?

1860-இல் வந்த தண்டனைச் சட்டம் இந்த விஷயத்தில் இரக்கமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. 299-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. கோழியைத் திருட நினைத்து ஒருவன் சுடுகிறான், புதருக்குப் பின்னால் இருந்தவன் சாகிறான். அங்கே ஆள் இருப்பது சுட்டவனுக்குத் தெரியாது. திருடப் போனவன்தான் என்றாலும் அந்தச் சாவுக்கான குற்றம் அவன்மேல் விழாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், பெரிய குற்றம் ஒன்று நடக்கும்போது யாராவது செத்தால் அதுவே கொலையாகிவிடும். இங்கிலாந்து 1957-இல் அந்த விதியைக் கைவிட்டது. நம் 396-இலும் யாரோ ஒருவன் செய்தது கொலை என்று நிரூபித்தே ஆக வேண்டும். அதன்பிறகுதான் மற்ற நால்வரின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான்கு பேர் என்றால் கேட்பார்கள். ஒரு தலை கூடினால் மனசாட்சி எப்படி மாறும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான்கு பேர் என்றாலும், பொது எண்ணத்தோடு சேர்ந்து செய்தால் ஒருவன் செய்தது எல்லோர்மேலும் விழும் என்ற 34-ஆம் பிரிவு இருந்தது. 1923-இல் கல்கத்தா சங்கரிதோலா தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், வெளியே பயந்துபோய் நின்றுகொண்டிருந்தேன் என்றார் பரேந்திர குமார் கோஷ். காவல் நிற்பதும் காரியத்தில் பங்குதான் என்று அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஜூனியராக இருந்தபோது படித்தேன். ரொம்பச் சரியான தீர்ப்பு என்றுதான் அன்று தோன்றியது.

ஐந்தாம் எதிரி எல்லாக் கேள்விக்கும் பொய் வழக்கு என்றான். சந்தேகத்தின் பலனில் விடுதலை. ஐந்தாவது ஆள் இல்லையென்றானதும் 396 எல்லோருக்குமே நிற்காமல் போய்விட்டது. முதல் எதிரிக்குக் கொலைக்கான 302-இல் ஆயுள். பீரோவை உடைத்த மூவருக்கும் கொல்லும் பொது எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று, கொள்ளையின்போது காயப்படுத்தியதற்கான 394 மட்டும்.

அந்த மூவருக்காக நான் வாதாடவே இல்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தையில் அவர்களும் சேர்ந்து தப்பினார்கள். பெரியவர் மூச்சுக்குத் தவித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவர்கள். சத்தம் கேட்டிருக்காதா? இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் 396-ஐ எழுதியவர்கள் பக்கம் நான் சாய்ந்துவிடுகிறேன். மறுநிமிடமே, அவர்கள் தப்பக் கூடாது என்பதற்காக வேனில் இருந்தவனை உள்ளே அனுப்பியிருக்க வேண்டுமா என்று கோபம் வருகிறது. அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் நீதிபதி பத்தாண்டுக்கு மிகாத சிறையோடு விட்டிருக்கலாம். ஆயுளும் போட்டிருக்கலாம். இன்னொருவன் வாழ்க்கையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

2024 ஜூலையிலிருந்து 396 போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் 310(3) வந்துவிட்டது. எண் மாறினாலும் அந்த ஐந்து மாறவில்லை. போன மாதம் என் ஜூனியர் அதே மாதிரி ஒரு டிரைவரின் வழக்குக் கட்டைக் கொண்டுவந்து, 'வெளியேதான் நின்றேன்' என்று சொல்லியே தீருவேன் என்று அவன் அடம்பிடிப்பதாகச் சொன்னாள். இந்த முறையும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். அதை நீயே பார்த்துக்கொள் அம்மா என்றேன்.