ஆயுத பூஜையில் உட்கார்ந்துவிட்ட க்ளூ கன்

கொலு வைப்பதுகூடப் பெரிய வேலையில்லை, வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு என்ன வைத்துக் கொடுப்பது என்பதுதான் இப்போதெல்லாம் பெரிய வேலை. எங்கள் அம்மா காலத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம், வசதிப்பட்டால் தேங்காய், நெருங்கிய சொந்தம் என்றால் ஒரு ரவிக்கைத் துணி, அவ்வளவுதான் கணக்கு. அந்த ரவிக்கைத் துணியையும் யாரும் தைத்துப் போட்டதாக எனக்கு நினைவில்லை. அது பாட்டுக்கு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். என் மாமியார் (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) ஒருமுறை துணியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து அனுப்பி, அது எந்த வழியாக வீடு திரும்புகிறது என்று காத்திருந்து பார்த்தவர். திரும்பியது. அதுவும் நாத்தனார் கையால்.

இப்போது கதையே வேறு. மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்குமாடியில் மொத்தம் இருப்பதே ஒரு கைப்பிடி வீடுகள்தான், ஆனால் போட்டி என்னவோ மாநில அளவில் நடக்கும். முதல் மாடி அக்கா ஒரு வருடம் அகல் விளக்குக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தார். அடுத்த வருடம் எதிர்வீட்டில் குரோஷா பின்னிய கைப்பை. அதற்குப் பிறகு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைப் பையில் போட்டு நீட்டினால், வாங்குகிறவர்கள் முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு வரும் பாருங்கள், அதைவிடத் திட்டிவிடலாம்.

அதனால் 2025 நவராத்திரிக்கு நானும் கைவேலைதான் என்று முடிவாயிற்று. நான்கு அங்குல எம்.டி.எஃப் (மரநார் பலகை) வட்டத் தட்டு, அதற்குக் காவி வண்ணம், நடுவில் வெள்ளையில் கோலம், ஓரத்தில் கல் வைத்த சரம். விளக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அறுபது தட்டு. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

இதில் முதல் இடைஞ்சல் பஞ்சாங்கம். மகாளய பட்சத்தில் புதிதாக எதையும் வாங்கக் கூடாது, ஆரம்பிக்கவும் கூடாது என்பது அத்தையின் சட்டம். அந்த வருடம் மகாளய அமாவாசை செப்டம்பர் 21, மறுநாளே நவராத்திரி. ஆக ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி கழிந்து, மகாளய பட்சம் பிறப்பதற்குள் எல்லாவற்றையும் வாங்கி, "ஆரம்பித்தாயிற்று" என்று சொல்ல ஒரு தட்டுக்காவது வண்ணம் அடித்துவிட வேண்டும். மாம்பலத்தில் ரயிலேறிக் கடற்கரையில் இறங்கி, பாரிமுனைக் கூட்டத்துக்குள் புகுந்து, காசிச் செட்டித் தெருவில் கல் சரம், பந்தர் தெருவில் காகிதப் பை என்று அலைந்து வந்தேன். பிறகு ஜிஎஸ்டி குறைப்பு சரியாக நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22 அன்று அமலுக்கு வந்தபோது என் கணவர் செய்தியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்து வாங்கியிருந்தா வரி மிச்சமாகியிருக்குமே" என்றார். நான் வாங்கிய எதற்கும் பில்லே கிடையாது, துண்டுச் சீட்டில் பென்சிலால் கூட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். இவர் எந்த வரியை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று புரியவில்லை.

இரண்டாவது இடைஞ்சலும் பஞ்சாங்கம்தான். அந்த முறை ஒரு திதி நீண்டுபோனதால் நவராத்திரிக்குப் பத்து ராத்திரி. அக்டோபர் 1 சரஸ்வதி பூஜை, காந்தி ஜெயந்தி அன்றைக்கு விஜயதசமி. ஜோசியர்களுக்கு அது விசேஷமாக இருக்கலாம், எனக்கு அது இன்னொரு சுண்டல், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். சாப்பாட்டு மேசை தட்டுகளுக்குப் போய்விட்டது. நாங்கள் தரைக்கு வந்துவிட்டோம், அதிலொன்றும் நஷ்டமில்லை, அத்தைக்குத்தான் முட்டிவலி என்பதால் அவருக்கு மட்டும் மேசை ஓரத்தில் ஒரு தட்டு வைக்கும் அளவுக்கு இடம் ஒதுக்கியிருந்தோம். அடித்த வண்ணம் காய வேண்டுமே, அந்த வாரம் பார்த்துச் சாயங்காலமானால் மழை. வாஷிங் மெஷின் மேல், ஃப்ரிட்ஜ் மேல், செருப்பு அலமாரி மேல், ஜன்னல் திட்டில், எங்கே பார்த்தாலும் காவி வட்டம். வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் தட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து விளிம்புக்கு வரும், யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று அவற்றைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். துணி துவைக்கிற இயந்திரத்துக்கு ஆள் காவல் போட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கோலம் போடுவதுதான் உண்மையான வேலை. அவுட்லைனர் குழாயை மெதுவாக அழுத்தினால் வெள்ளைக் கோடு மெல்லிசாக, லேசாகப் புடைத்துக்கொண்டு வரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் உள்ளே ஒரு காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் "புஸ்" என்று ஒரு சத்தம், கோடு வர வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மொத்தை. உடனே குண்டூசியால் வழித்தெடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, குழாயின் மூக்கில் அடைத்ததைக் குத்திவிட்டு மறுபடியும் அழுத்த வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதுதான் குக்கர் விசில் எண்ண வேண்டியிருக்கும், காஸ் சிலிண்டர்காரர் மணியடிப்பார், ஓடிபி கேட்பார்.

புள்ளி வைக்கும் பொறுப்பு கணவருக்கு. பொறியாளர் ஆயிற்றே, கண்மட்டத்தில் வைக்கச் சொன்னால் கேட்பாரா? ஐந்து புள்ளி, மூன்றில் முடிகிற ஊடுபுள்ளி, ஆக ஒரு தட்டுக்கு 19 புள்ளி, அறுபது தட்டுக்கு 1,140 என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம் காம்பஸ் வேண்டும் என்றார். வீட்டில் இருந்த ஒரே காம்பஸ் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மேற்கொண்டு நான் சொல்லவே தேவையில்லை. கணக்குப் பரீட்சை அன்று காலையில், பள்ளி வேன் கீழே ஹாரன் அடிக்க, எங்கள் வீட்டில் அனைவரும் மண்டியிட்டுக் காம்பஸ் தேடிக்கொண்டிருந்தோம். அது ஃப்ரிட்ஜ் மேல், காய்ந்துகொண்டிருந்த தட்டு ஒன்றில் வார்னிஷோடு சேர்ந்து ஒட்டிப்போயிருந்தது. பிய்த்தெடுத்து வேன் வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்தார். பரீட்சையில் வட்டம் வரையும் கேள்வியே வரவில்லையாம், ஆனாலும் அவள் அன்று சாயங்காலம் வரை அப்பாவோடு பேசவில்லை.

அத்தை கோலத்தை மேற்பார்வை பார்ப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் பிடித்து, "இங்க கோடு சேரலை. சேராத கோலத்தைக் கொடுத்தா வாங்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்பார். வாங்குகிறவர்கள் எதையும் நினைக்க மாட்டார்கள், பையைத் திறந்து பார்க்கவே ஒரு வாரம் ஆகும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சேர்த்துவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் சுண்டல். செவ்வாய்க்கிழமை காராமணியில் வெல்லம் போட்டு, வெள்ளிக்கிழமை புட்டு, மற்ற நாட்களுக்குக் கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, கடலைப்பருப்பு என்று ஒரு பட்டியல் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது. ராத்திரி ஊறப்போடுவது கணவர் வேலை. "எந்த டப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்பார். என் கையில் க்ளூ கன், பசை சூடாக ஒழுகிக்கொண்டிருக்கும், வாயில் கல் சரத்தின் ஒரு முனை. "ம்ம்" என்பேன். அவர் கைக்கு எது கிடைக்கிறதோ அது ஊறும். மொச்சை என்று எழுதியிருந்த நாளில் வெள்ளைப் பட்டாணி நைவேத்தியமானது. அம்பாளுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை, அத்தைக்குத்தான் இருந்தது.

க்ளூ கன் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஒட்டுகிற இடத்தில் ஒட்டுவதைவிட, ஒட்டிவிட்டு எடுக்கும்போது இழை இழையாக நூல் விடுவதுதான் அதன் முக்கியத் தொழில். அந்த நூல் சோபாவில், சீப்பில், பருப்பு டப்பா மூடியில், மரப்பாச்சிப் பொம்மையின் தலையில் எல்லாம் இருந்தது. விரல் நுனியில் சுட்டுக்கொண்டு பிளாஸ்திரி போட்ட கையோடு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மற்ற வீட்டுக் கொலுவுக்கும் போக வேண்டும், போகாவிட்டால் அவர்கள் நம் வீட்டுக்கு வர மாட்டார்கள். குங்குமம் வாங்க நீட்டிய விரலைப் பார்த்து ஒரு அம்மா, "ஐயோ பாவம், சமையல்ல சுட்டுக்கிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். கொடுக்கப்போகும் பரிசு முன்கூட்டியே வெளியே தெரியக் கூடாதே.

தெரிந்துவிட்டது. ஹாலில் கொலு, படிக்கு வெள்ளை வேட்டி, வண்ண விளக்கு, சாம்பிராணி மணம் எல்லாம் அமர்க்களம். மூடிய படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொழிற்சாலை. வந்திருந்த ஒரு சின்னப் பையன், பாத்ரூம் என்று நினைத்தோ என்னவோ, அந்தக் கதவைத் திறந்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்: "அம்மா, இவங்க வீட்ல கடை வெச்சிருக்காங்க!" பாடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தவர்கள், பாட மறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து போய் எட்டிப் பார்த்தார்கள். அவன் அம்மா உள்ளேயே போய்விட்டார். காவி தீர்ந்துபோனதால் சிலவற்றுக்குப் பச்சை அடித்திருந்தேன். "எனக்கு அந்தப் பச்சை வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு வந்த யாருக்கும் பையில் போட்டு மரியாதையாக நீட்ட முடியவில்லை, நேராகக் கதவைக் காட்டி, "பச்சை இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். எப்படித்தான் அத்தனை சீக்கிரம் செய்தி பரவியதோ.

கடைசி நாள்தான் உச்சம். சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை இரண்டும். அன்று சாயங்காலம் கூட்டம் அதிகம் வரும், பதினைந்து தட்டுக்கு இன்னும் கல் ஒட்டவில்லை. மத்தியானம் ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு நான் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பூஜையில் புத்தகங்கள், தையல் மெஷின், அரிவாள்மணை, கத்தரிக்கோல், கணவரின் லேப்டாப், அதன் மேல் என் க்ளூ கன். நடுநெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ.

"அத்தை, அது இன்னிக்கு வேணுமே!"

"எது வேலை செஞ்சு கொடுக்குதோ அதைத்தானே வெக்கணும்? பத்து நாளா அதுதானே இந்த வீட்ல வேலை செய்யுது?"

வாதம் பலமாக இருந்தது. வைத்தால் வைத்ததுதான், மறுநாள் காலை புனர்பூஜை முடியும் வரை தொடக் கூடாது. கணவருக்கும் அதே கதிதான், அன்று ராத்திரி அமெரிக்கா கால் இருந்தது, "சாமி கிட்ட இருக்கு" என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுக் கடைசியில் மொபைலில் பேசினார். படிக்க வேண்டாம் என்று சட்டமே இருக்கிற ஒரே நாள் என்பதால் வீட்டில் சந்தோஷமாக இருந்தவள் மகள் மட்டும்தான்.

பதினைந்து தட்டும் கல் இல்லாமல், வெறும் கோலத்தோடுதான் போயின. இப்படி வெறுமனே கொடுத்தால் நன்றாக இருக்காது என்று அத்தை பருப்புப்பொடி வறுத்து அரைத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பைக்குள் போட்டார். துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், மிளகு, பெருங்காயம், உப்பு, இரண்டு பல் பூண்டு. வறுத்ததும் அரைத்ததும் சேர்த்து அரை மணி நேரம்கூட இருக்காது.

விஜயதசமி முடிந்து இரண்டொரு நாளில் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் செய்தி வர ஆரம்பித்தது. நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். முதல் செய்தி: "பருப்புப்பொடி அருமை, அளவு சொல்ல முடியுமா?" இரண்டாவது: "எங்களுக்குப் பொடி வரலையே, நாங்க முன்னாடியே வந்துட்டுப் போயிட்டோமா?" மூன்றாவது ஒரு புகைப்படம், சுடுசோற்றில் பொடியும் நெய்யும். அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு காபி டம்ளர், அதன் மேல் மூடியாக என் கோலத் தட்டு. கல் இல்லாததுதான் மூடிக்கு வாகாம், கல் வைத்தது ஆடுகிறதாம், கீழேயே எழுதியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு எல்லா இடத்திலும் சேர்ந்திருந்தது.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. அத்தையிடம் பருப்புப்பொடிக்கும், கூடவே தீபாவளி லேகியத்துக்கும் அதற்குள் மூன்று மாடியிலிருந்தும் ஆர்டர் வந்துவிட்டது. பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தார். எனக்கு லேபிள் ஒட்டும் வேலை ஒதுக்கப்பட்டது. அதில் கோலம் கீலம் எல்லாம் வேண்டாம், பொடி பேர் தெரிஞ்சா போதும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.