தனி அலுவலர் காலம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் ஐந்து வருடப் பதவிக்காலம் இன்றோடு முடிந்தது. தலைவரம்மா வீட்டு வாசலில் இருந்த பலகையை அவர் மகனே ஏணி போட்டுக் கழற்றினான். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டத்திலும் இன்று இதேதான் நடந்திருக்கும்.

ஜனவரி 6

ஆளுநர் உரையை வாசிக்காமலே வெளியேறிவிட்டாராம். காலையிலிருந்து டிவியில் அது ஒன்றுதான். கிராமங்களுக்கு இன்று முதல் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

ஜனவரி 11

தனி அலுவலர் சட்டம் வந்தாயிற்று. தேர்தல் நடக்கும் வரை தலைவர் வேலையை ஓர் அதிகாரி பார்ப்பார். ஜூலை 5 வரையாம். வார்டு மறுவரையறை, அதாவது வார்டு எல்லைகளைத் திருத்தி வகுப்பது, முடிய வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள்.

இந்தக் கதை எனக்குத் தெரியும். 2016 அக்டோபரில் தேர்தல் தேதியெல்லாம் அறிவித்த பிறகு உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று ஆரம்பித்தார்கள். ஆறாறு மாதமாக நீட்டி, கடைசியில் ஓட்டுப் போட்டது 2019 டிசம்பர் கடைசியில். அன்றைக்கு அதிமுக ஆட்சி. திமுக மேடைக்கு மேடை ஜனநாயகப் படுகொலை என்றது. இன்றைக்கு வசனத்தை இடம் மாற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஐந்து வருடம் முடிவதற்கு முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தில் 243E என்று ஒரு பிரிவே இருக்கிறது. பதவி எந்தத் தேதியில் முடியும் என்பது பதவியேற்ற அன்றே தெரியும். மறுவரையறையை 2023-இல் தொடங்க யார் தடுத்தார்கள்?

ஜனவரி 15

பொங்கலுக்குத் தங்கச்சி வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது தென்காசிப் பக்கம். அங்கே 2021-இல் தேர்தல் நடந்ததால் தலைவர் இன்னும் பதவியில் இருக்கிறார். "எங்க ஊருல தலைவர் இருக்காருக்கா" என்று பீற்றிக்கொண்டாள். அவரை வாய்க்கு வாய் திட்டுகிறவளும் அவள்தான்.

ஜனவரி 26

கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) வரவில்லை. ஒன்றியத்திலிருக்கும் அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவரே தனி அலுவலர், எத்தனை மரத்தடியில்தான் உட்காருவார்? கூட்டத்தைக் கவனிக்க அனுப்பும் அலுவலர், பற்றாளர் என்று ஒரு பொண்ணு வந்திருந்தது. சின்ன வயசு. எந்தக் கேள்விக்கும் "குறிச்சுக்கிறேங்க". படிவம் 30-ஐ, அதாவது ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை, ஊராட்சிச் செயலர் வாசித்த வேகத்தில் ஒரு எண்கூட யார் காதிலும் ஏறவில்லை. நான் எழுந்து, தெருவிளக்குக் கணக்கை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தார். பல்பு வாங்கிய தொகை இருந்தது, எந்தத் தெருவுக்கு என்பது இல்லை. அதையும் அந்தப் பொண்ணு குறித்துக்கொண்டது.

அப்புறம் இணைப்பு விஷயம். நகராட்சியோடு எங்கள் ஊரைச் சேர்க்கப் போகிறார்களாம். கூடாது என்று தீர்மானம். கை தூக்கியதில் முக்கால்வாசி நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், அத்தையும்தான். நகராட்சியாகிவிட்டால் வேலை அட்டை செல்லாது. அந்தச் சட்டம் கிராமத்துக்கு மட்டும்.

அண்ணன் கை தூக்கவில்லை. ரோட்டோரம் அவனுக்கு முப்பது சென்ட் இருக்கிறது.

பிப்ரவரி 5

ஈரோடு கிழக்கில் இன்று வாக்குப்பதிவு. ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் இறந்தது டிசம்பர் 14. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பூத், மை, மெஷின், பறக்கும் படை எல்லாம் தயார். ஒரே ஒரு எம்.எல்.ஏ. நாற்காலிக்கு! அதை நடத்துவது டெல்லி ஆணையம், இதை நடத்த வேண்டியது மாநில ஆணையம் என்று என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்கிறார். தெரியாமலா கேட்கிறேன்.

பிப்ரவரி 22

கிழக்குத் தெரு போர் மோட்டார் காயில் போய்விட்டது.

பிப்ரவரி 27

தண்ணீர் இல்லை. டேங்க் ஆபரேட்டர், செயலரைக் கேளுங்கள் என்கிறார். செயலர், எஸ்டிமேட் போயிருக்கிறது என்கிறார். எங்கே என்றால், "மேல".

தலைவரம்மா இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதி வைக்கிறேன். முதல் இரண்டு வருடம் எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான். அந்தம்மா கையெழுத்து போட மட்டும். துணைத் தலைவர் இன்னொரு கட்சி. செக்கில் ரெண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அந்தச் சண்டையில்தான் தலைவரம்மா கணக்கு நோட்டைத் தானே படிக்க ஆரம்பித்தார். போன வருடம் இதே மோட்டார் எரிந்தபோது ராத்திரி ஒன்பது மணிக்கு, தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் டேங்க் அடியில் வந்து நின்றார். வைண்டிங் கடைக்காரரைப் போன் போட்டு எழுப்பினார். கைக்காசு கொடுத்தார், பிறகு பில் எழுதி எடுத்துக்கொண்டார். பில்லில் கூடக்குறைய இருந்திருக்காதா? இருந்திருக்கும். ஆனால் அவர் வீட்டு வாசலில் குடத்தை வைத்துவிட்டு உட்காரலாம். உட்கார்ந்தோம். பி.டி.ஓ. வீட்டு வாசல் எந்த ஊரில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

மார்ச் 3

லாரித் தண்ணீர். குடம் எண்ணித்தான்.

மார்ச் 14

பட்ஜெட். ரூபாய்க் குறிக்குப் பதில் 'ரூ' போட்டார்களாம், ஊரே பேசுகிறது. இங்கே மோட்டாருக்கு எந்தக் குறியிலும் காசு வரவில்லை.

மார்ச் 29

நூறு நாள் சம்பளப் பாக்கிக்காக திமுக ஆர்ப்பாட்டம். மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது 4,034 கோடி என்று மேடையில் சொன்னார்கள். நியாயமான கோபம்தான். அத்தையும் போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். டெல்லி நம்மை மதிக்கவில்லை, நம் உரிமையைப் பறிக்கிறது என்று பேசியவர் பேச்செல்லாம் சரி. அதே உரிமையைச் சென்னை எங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதை எந்த மேடையில் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 1

நூறு நாள் வேலைக் கூலி 319-லிருந்து 336. அத்தை: "பழைய பாக்கிய மொதல்ல போடச் சொல்லு."

ஏப்ரல் 9

அண்ணனோடு சண்டை. நகராட்சி வந்தால் பாதாளச் சாக்கடை, டவுன் பஸ், குப்பை வண்டி என்று அடுக்கினான். வரி ஏறுமே என்றேன். 2022-இல் நகராட்சிகளில் சொத்து வரி ஏற்றியபோது 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கே 25 சதவீதம், அதைத் தாண்டி 1,200 வரை 50. "வசதி வேணும்னா காசு குடுக்கணும்" என்றான். அதுவும் சரிதான், நான் மறுக்கவில்லை. சேர்க்கட்டும், சேர்க்காமல் போகட்டும். கேட்டுவிட்டுச் செய்யச் சொல். தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லாத நேரமாகப் பார்த்துத்தானா ஊரின் தலையெழுத்தை மாற்றுவது? இதற்கு அவன் பதில் சொல்லவில்லை, சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். அண்ணி இரவு போன் செய்தார்.

ஏப்ரல் 16

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமனப் பதவி கொடுக்க முதல்வர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன். பக்கத்துத் தெரு தம்பி மூன்று சக்கர வண்டியில் வந்து, "அக்கா, நானும் மனு போடலாமா?" என்றான். எந்த மன்றத்துக்கு என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. போடு என்றேன்.

ஏப்ரல் 18

மோட்டார் வந்தது. பழையதைவிடக் குதிரைத்திறன் குறைவு. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

ஏப்ரல் 24

பஞ்சாயத்து ராஜ் தினமாம். வாழ்த்துப் படம் அனுப்பியது செயலர்!

மே 1

மறுபடி மரத்தடி. ஜனவரித் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேலே அனுப்பியாகிவிட்டது. மேட்டுத் தெருத் தண்ணீர்? புது எஸ்டிமேட் போட வேண்டும். கூட்டம் போன தடவையில் பாதிகூட இல்லை. தலைவரம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாசித்தபோது அவர்தான் நடுவில் நிறுத்தி, மோட்டாருக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். செயலர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எழுத்தில் கேளுங்கள் என்றார் பற்றாளர். இந்த முறை வேறு ஆள்.

எழுதிக் கொடுத்தோம், தலைவரம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டு. ரசீது கேட்டு வாங்கினோம்.

மே 6

பி.டி.ஓ.வுக்கு மாற்றல். புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லையாம்.