குங்குமப்பூ வயலுக்கு அடியில் ஓர் ஏரி

ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களின் கண்கள் முதலில் பனி மூடிய மலைகளைத்தான் தேடும். சென்ற அக்டோபர் கடைசி வாரத்தில் அங்கே இறங்கிய நான், ஓடுபாதைக்கு அப்பால் தெரிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விமான நிலையம் ஒரு தட்டையான மேட்டின் மீது அமைந்திருக்கிறது. கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ராஜதரங்கிணி, தாமோதரன் என்ற அரசனோடு தொடர்புபடுத்திச் சொல்லும் மேடு அது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து மேடை போல எழுந்து, ஓரங்களில் செங்குத்தாக அறுந்து நிற்கும் இத்தகைய மேடுகளைக் காஷ்மீரில் கரேவா என்கிறார்கள். பழங்காலத்து மலை ஏரி ஒன்றின் அடியில் படிந்த மண்ணே அவற்றின் பெரும்பகுதி. வந்தவர்கள் எல்லோரும் தங்களை அறியாமலேயே அந்த ஏரியின் மீதுதான் தரையிறங்குகிறார்கள்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். கரேவா என்பது குங்குமப்பூ விளையும் வண்டல் மண் என்று ஆண்டுதோறும் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த ஒரு வரி உறுத்தத் தொடங்கியது. ஆகவே இந்தப் பயணத்தில் தால் ஏரியில் படகு ஏறுவதை மனைவிக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு, ஒரு வாடகைக் காரில் மண் பார்க்கக் கிளம்பினேன். ஓட்டுநர் சோப்பூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மலைக்குப் போகாமல் மண்சரிவுகளுக்குப் போகச் சொல்லும் பயணியை அவர் அதற்கு முன் கண்டதில்லை என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

முதலில் பாம்போர் சென்றோம். ஸ்ரீநகருக்குத் தெற்கே அரை மணி நேரப் பயணம்தான். காலைப் பனி விலகாத வயல்களில், குடும்பம் குடும்பமாகக் குனிந்து ஊதா நிறப் பூக்களைக் கூடையில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிராம் காய்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் அந்தக் கிழங்குக்கு, நீரை எளிதாக வடியவிடும் கரேவாவின் மேல்மண் பொருந்திப்போகிறது. வயலின் ஓரத்தில் மழைநீர் அறுத்த ஓடை ஒன்று இருந்தது. அதன் சுவரில் மேலே சில மீட்டர் உயரத்துக்கு, அடுக்கே இல்லாத, மாவு போன்ற மஞ்சள் மண். இது ஏரியில் படிந்தது அன்று. ஏரி வடிந்த பிறகு, பனியுகங்களில் காற்று சுமந்து வந்து கொட்டிய லோயஸ் எனப்படும் தூசிப் படிவு. அதன் நடுநடுவே தெரியும் கருத்த பட்டைகள், தூசி விழுவது குறைந்து புல்லும் செடியும் வேரூன்றிய வெப்பமான இடைக்காலங்களில் உருவான மண். ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள புர்ஸஹோமில் புதிய கற்கால மக்கள் குழி தோண்டி வீடு அமைத்ததும் இந்த வகை மண்ணில்தான்.

இதே பாம்போர் கரேவாவில், கலந்தர் என்ற இடத்தில், 2000ஆம் ஆண்டில் ஜம்மு பல்கலைக்கழகக் குழுவினர் ஒரு மாபெரும் யானையின் மண்டையோட்டைத் தோண்டியெடுத்தார்கள். கூடவே 87 கற்கருவிகளும் கிடைத்தன. பேலியோலாக்சோடான் என்ற அழிந்துபோன இனத்தைச் சேர்ந்த அந்த யானை 3 முதல் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2024இல் வெளியான ஆய்வுகள் கூறுகின்றன. குங்குமப்பூ வயலில் யானையா என்று ஓட்டுநர் சிரித்தார். கற்கருவிகளைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்.

இங்கே ஓர் ஏரி இருந்தது என்பது காஷ்மீர் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. பள்ளத்தாக்கு முழுவதும் சதீசரஸ் என்ற ஏரியாக இருந்தது என்றும், நீருக்குள் ஒளிந்திருந்த ஜலோத்பவன் என்ற அசுரனை வெளிப்படுத்துவதற்காக, காசியபரின் வேண்டுகோளுக்கு இணங்க, மலையைப் பிளந்து நீர் வடிக்கப்பட்டது என்றும் நீலமத புராணம் சொல்கிறது. 1665இல் ஔரங்கசீப்பின் பரிவாரத்தோடு காஷ்மீர் வந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஏரி இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நீர் வெளியேறிய வழியான பாராமுல்லா மலை இடைவெளி மனிதன் வெட்டியதாக இருக்க முடியாது, ஒரு பெரிய நிலநடுக்கத்தில் மலை உள்வாங்கியிருக்க வேண்டும் என்று எழுதினார். நிலவியல் என்ற துறையே உருவாகாத காலத்தில் இப்படி நிதானமாக யோசித்த அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை உண்டு.

மறுநாள் ஷோபியானைத் தாண்டி ஹிர்பூர் சென்றோம். அங்கே ரம்பியாரா ஆறு கரேவாவின் கீழ்ப்பகுதியை அறுத்து வைத்திருக்கிறது. வந்ததன் பயன் எனக்கு அங்கேதான் கிடைத்தது. பாம்போரில் கண்ட மஞ்சள் இங்கே இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண், அதன் மேல் மெல்லிய மணல், மீண்டும் களிமண், இடையில் கரிய பட்டைகள், பிறகு உருண்டைக் கற்கள் கலந்த தடித்த படுகை என்று மாறி மாறிப் போகிறது. இந்த வரிசைதான் ஏரியின் நாட்குறிப்பு. நுண்ணிய களிமண் மிதந்து மிதந்து மெதுவாகத் தாழ்வதற்கு ஆழமான, அலையற்ற நீர் தேவை. மணல் என்றால் கரை அருகே வந்துவிட்டது அல்லது ஆறு ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். கரிய பட்டைகள் ஏரியோரச் சதுப்பில் மட்கிய செடிகள். ஹந்த்வாரா அருகே நிச்சஹோமில் அவை பழுப்பு நிலக்கரிப் படிவாகவே கிடைக்கின்றன. உருண்டைக் கற்களோ மலை சீற்றத்தோடு அனுப்பியவை. இப்படிப் படிந்தவற்றின் மொத்தத் தடிமன் ஆயிரம் மீட்டருக்கும் அதிகம் என்பதை, அந்தச் சுவருக்குக் கீழே தலையைப் பின்னால் சாய்த்து நின்றபோதுதான் உணர்ந்தேன். நான் பார்த்தது அதில் ஒரு கீற்று மட்டுமே.

களிமண்ணில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். மகரந்தத் தூளின் வெளியுறை எளிதில் அழியாது. காற்றுப் புகாத சேற்றில் புதைந்துவிட்டால் லட்சக்கணக்கான ஆண்டுகள் வடிவம் மாறாமல் கிடக்கும். ஆய்வகத்தில் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் மணலையும் களிமண்ணையும் கரைத்துவிட்டு, எஞ்சும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். பைன் எத்தனை, புல் எத்தனை, நீர்த்தாவரம் எத்தனை என்ற கணக்கிலிருந்து அன்றைய காடு எழுந்து வருகிறது. பைன் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் பறக்கக்கூடியது என்பதால், அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆஸ்ட்ரகாட் என்ற கடுகளவுகூட இல்லாத ஓட்டுயிரிகளின் ஓடுகளும் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள ஆக்சிஜனில் கனமான வகை கூடியிருந்தால், வரும் நீரைவிட ஆவியாகும் நீர் மிகுந்திருந்த வறண்ட காலம் என்று கருதலாம்.

வயதைக் கணிக்க ரேடியோ கார்பன் இங்கே உதவாது. அதன் எல்லை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளோடு முடிந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் டக்ளஸ் பர்பாங்க், கேரி ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழியைக் கையாண்டார்கள். பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாக மாறும்; கடைசியாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. சேற்றில் படியும் இரும்புத் துகள்கள் அன்றன்றைய திசையைக் காட்டியபடி உறைந்துவிடுகின்றன. கரேவா அடுக்குகளில் அந்த மாற்றங்களைக் கீழிருந்து மேலாக அளந்து, இடையில் கிடைத்த எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்றின் வயதான சுமார் 24 லட்சம் ஆண்டுகளை நங்கூரமாக வைத்துக் கணக்கிட்டபோது, ஏரிப் படிவின் தொடக்கம் 40 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே போனது.

நான் ஒரு பாறை மீது உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இதற்குள் என்ன கிடைத்தது என்று கேட்டார். பீர் பஞ்சால் மலைச்சரிவில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், இதே ஏரிப் படிவுகளில் ஓக் இலைகளும் சிங்காராக் காய்களும் புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். “சிங்காரா எங்கள் வுலர் ஏரியில் வளர்வது, சாப். குளிர்காலத்தில் என் பாட்டி அதன் மாவில் ரொட்டி சுடுவார். அவ்வளவு உயரத்துக் குளிரில் அது எப்படி வளரும்?”

பீர்பல் சாஹ்னியை உலுக்கிய கேள்வியும் ஏறத்தாழ இதுவே. லக்னோவின் பெயர்பெற்ற தாவரவியலாளரான அவர், 1936இல் கரேவாப் புதைபடிவங்களைச் சான்றாகக் காட்டி, மனிதன் தோன்றிய பிறகும் இமயம் உயர்ந்துகொண்டிருந்தது என்று வாதிட்டார். செடி மேலே ஏறவில்லை. செடி புதைந்த நிலம் மேலே தூக்கப்பட்டது. அன்றைய காலநிலை வெதுவெதுப்பாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், இலையை மட்டும் நம்பி இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியாதுதான். ஆனால் இரண்டாவது சாட்சி எங்கள் கண்ணெதிரிலேயே நின்றது. ஏரியின் அடியில் சேறு கிடைமட்டமாகவே படியும். ஹிர்பூரின் களிமண் அடுக்குகளோ மலையை நோக்கி மேலேறிச் சாய்ந்து கிடந்தன. ஓட்டுநரிடம் என் குறிப்பேட்டை ஒரு பக்கமாகத் தூக்கிக் காட்டினேன். புரிந்துவிட்டது என்று தலையசைத்தார்.

ஓக் மரத்தின் கதை இதைவிட வியப்பானது. இன்றைய காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. அந்த ஏரியின் கரையில் மட்டும் அது செழித்திருக்கிறது என்றால், அன்று இங்கே கோடை மழை பெய்திருக்க வேண்டும். பிறகு பீர் பஞ்சால் உயர உயர, தெற்கிலிருந்து வரும் பருவமழை மலைக்கு அப்பாலேயே நின்றுபோக, பள்ளத்தாக்கு மேற்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் மழையையும் பனியையும் நம்பி வாழப் பழகிக்கொண்டது. கம்பத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் சாரலும் காற்றுமாக நிற்பதைப் பார்த்தே வளர்ந்தேன். எங்கள் ஊரில் அந்த மலை என்றைக்கும் இருந்ததாகத்தான் நினைப்போம். மலை வளர்ந்து மழையை மறைத்ததற்கு, இங்கே மண்ணில் இலையே சான்றாகக் கிடக்கிறது.

ஒரு மனக்குறையும் உண்டு. வழியில் பல இடங்களில், கட்டுமானப் பணிகளுக்கு மண் வேண்டி, கரேவாக்களை இயந்திரங்களால் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி நிறைய எத்தனை ஆயிரம் ஆண்டுகள் போகின்றன என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

பனி விழுந்து சாலை மூடுவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்ததால், மூன்றாம் நாள் முகலாயச் சாலையில் பீர் கி கலி வரை ஏறினோம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் காற்று காதை அறுத்தது. அங்கிருந்து திரும்பிவிடலாம் என்றார் ஓட்டுநர். கொஞ்சம் கீழே, பூஞ்ச் பக்கம் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினேன். பஃப்லியாஸை நோக்கி இறங்க இறங்க ஊசியிலைக் காடு விலகி, அகன்ற இலை மரங்கள் தலைகாட்டின. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்து மரத்தின் கிளையைத் தாழ்த்தினேன். இலையின் ஓரம் ரம்பப் பல். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளை. ஓக்.

ஓர் இலையைப் பறித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். இரவு ஸ்ரீநகரில் அறைக்குத் திரும்பி, மகளுக்குக் காட்டுவதற்காக அதை எடுத்தபோது, வெள்ளை அடிப்புறத்தில் ஹிர்பூரின் சாம்பல் நிறக் களிமண் விரல் அடையாளமாக ஒட்டியிருந்தது.