பதினெட்டு வரை எண்ணுதல்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்களோடு வசிக்கும் என் மாமியாருக்கு இரண்டு கண்களிலும் புரை. அறுவைக்காகப் பெயர் பதிந்து பத்து மாதங்கள் ஆகின்றன.

சென்ற வாரம் ஒரு காலையில், அவர் இன்சுலின் பேனாவைக் காதோரம் வைத்துக்கொண்டு அதன் அடிப்பகுதியைத் திருகுவதைப் பார்த்தேன். அதிலுள்ள எண்கள் தெரியாததால், ஒரு யூனிட்டுக்கு ஒரு முறை எழும் 'டிக்' ஒலியை வாய்க்குள்ளேயே பதினெட்டு வரை எண்ணி, அப்படியே ஊசியைப் போட்டுக்கொண்டார். ஒலியை எண்ணி அளவு வைக்கக் கூடாது என்று பேனாவோடு வந்த தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தத் தாளையும் அவரால் படிக்க முடியாது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா இன்னொரு கவலை?" என்றார்.

மருத்துவமனை அட்டையில் அவருடைய பார்வை 6/60 என்று எழுதியிருக்கிறது. நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டர் தொலைவில் இருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டர் அருகில் வந்தால்தான் படிக்க முடியும் என்பது அதன் பொருள். ஸ்னெல்லென் என்ற டச்சு மருத்துவர் இப்படிப் பார்வையை அளக்க 1862-இல் வகுத்த எழுத்து அட்டவணை இன்றும் பயன்படுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைக் காட்டுகிறது. சாம்பல் நிறச் சிமெண்டுப் படி எங்கே முடிகிறது என்பதும், எதிரே வரும் வண்டியின் விளக்கில் கண் எவ்வளவு கூசுகிறது என்பதும் அதில் பதிவாவதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலுக்குப் போவதை மாமியார் நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றுதான் காரணம் சொன்னார். இருட்டிய பின் படியிறங்க அவருக்கு இருந்த பயம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தப் பயம் நியாயமானது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஏறக்குறைய ஒரு மாதத்திலும், மற்றவர்களுக்கு வழக்கம்போல் ஓராண்டு காத்திருந்த பிறகும் முதல் கண்ணில் புரை அறுவை செய்வதாக வைத்து ஒப்பிட்டார்கள். விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள் தவறி விழுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 2005-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

அட்டவணையோடு நிற்காமல் அன்றாட வாழ்க்கையையும் கேட்டறிய நமக்கு நெருக்கமான ஊரிலேயே முன்மாதிரி உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 1997-இல் வெளியிட்ட ஆய்வில், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, நடமாட்டம், பிறரோடு பழகுவது, மனநிலை ஆகியவற்றையும் புரை நோயாளிகளிடம் கேட்டறிந்தார்கள். காத்திருப்போர் வரிசையைத் தீர்மானிக்கும்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே 6/60 பார்வை உள்ள இருவரில், தனியே ஊசி போட்டுக்கொள்பவருடைய ஆபத்து வேறு.

இப்போது படி விளிம்புகளில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நானே அளவைப் பார்த்து ஊசி போடுகிறேன். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, அட்டையோடு அந்தப் பேனாவையும் எடுத்துச் சென்று மருத்துவரின் மேசைமேல் வைக்கப் போகிறோம்.