பதினெட்டுப் பாகைக்கு முன்

பெப்ரவரி 4

சுவீடனின் உப்சாலாவை ஒட்டிய லூன்சன் காட்டில் இரவு ஓரியன்டீரிங் பயிற்சி: வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, கொடி நட்ட இடங்களை, அதாவது கண்ட்ரோல்களை, வரிசையாகத் தேடி ஓடும் ஓட்டம். பழைய பனி மேலே உறைந்து கிடக்கிறது. கால் வைத்தால் உடைந்து முழங்கால்வரை இறங்குகிறது. முன்னால் ஓடியவர்களின் தடங்கள் தலைவிளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்து ஆளை இழுக்கின்றன. அவை அவர்களுடைய கண்ட்ரோலுக்குப் போகும் தடங்கள். எனக்கு வேறு கண்ட்ரோல். தடத்தைப் பார்க்காதே, வரைபடத்தைப் பார் என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

சுவிஸில் எங்கள் பேர்ண் பக்கத்துக் காடுகளில் மலைச்சரிவே பாதி வழியைச் சொல்லிவிடும். இங்கே சரிவு இல்லை. சதுப்பு, பாறை, மறுபடி சதுப்பு. 5 மீட்டர் இடைவெளியில் வரைந்த சமஉயரக்கோடு ஒன்று வரைபடம் முழுக்கச் சுற்றி அலைகிறது. அதில் ஒரு சின்ன வளைவுதான் தேடுகிற மேடு. இந்தக் காட்டுக்காகத்தான் உப்சாலாவைத் தேர்ந்தெடுத்தேன். விண்ணப்பத்தில் வேறு காரணம் எழுதியிருந்தேன். அந்தக் காரணமும் உண்மைதான்.

பெப்ரவரி 9

மைனஸ் 16. ஓடவில்லை. பட்டை வண்டு பற்றிய ஆய்வேட்டில் ஒரு பந்தி.

பெப்ரவரி 17

பேராசிரியரிடம் களப்பணித் திட்டத்தைக் கொடுத்தேன். வண்டுகளின் முதல் பறப்பு எப்போது வரும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். அதைத்தான் நானும் இரவு பகலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டை வண்டு 4, 5 மில்லிமீட்டர் நீளம். குளிர்காலம் முழுவதும் தரைச்சருகிலும் பட்டைக்கு அடியிலும் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வெப்பம் 18 பாகையைத் தாண்டும் ஒரு பிற்பகலில் கூட்டமாக எழும். ஆண் வண்டு முதலில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் துளைத்து மணத்தை வெளியிடும். மற்றவை அந்த மணத்தைப் பிடித்து வந்து சேரும். நலிந்த மரம் என்றால் அதோடு முடிந்தது. 2018 வறட்சிக்குப் பிறகு தெற்குச் சுவீடனில் இப்படிச் செத்த மரங்களுக்கு அளவே இல்லை. என் பொறிகளிலும் அதே மணம்தான் இரை. அவை பறப்புக்கு முன்பே நின்றாகவேண்டும். பிறகு வாரந்தோறும் அதே கிழமையில் எடுத்து எண்ணவேண்டும்.

சுவீடனின் பெரிய ஓரியன்டீரிங் அஞ்சலோட்டமான டியோமிலாவும் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தை ஒட்டித்தான்.

பெப்ரவரி 18

18 பாகை. 18 பாகை.

பெப்ரவரி 26

அம்மா அழைத்தார். "படிக்கத்தானே பிள்ளை போனாய்?" கோபம் இல்லை, களைப்பு. இரவு வேலைக்குப் புறப்படும் நேரம். பின்னால் இருந்து அப்பாவின் குரல்: "நிக்லியும் உயிரியல்தானே படித்தார்!" அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் சுவிஸ் ஓரியன்டீரிங் வீராங்கனை சிமோன் நிக்லிதான் பதில். 23 உலகத் தங்கம். 2003இல் ராப்பர்ஸ்வில் உலகப் போட்டியில் நான்கு ஓட்டத்திலும் நான்கு தங்கம். அப்போது நான் கைக்குழந்தை. நிக்லியின் பெயரைக் கேட்டால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்தப் பெயரை வைத்து யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டாம்.

மார்ச் 8

எங்கள் ஓரியன்டீரிங் கழகம் பனி இல்லாத தெற்குக்குப் பயிற்சி முகாம் போயிருக்கிறது. எனக்குப் புள்ளியியல் பரீட்சை. அவர்கள் ஓடிய வழிகளை வரைபடத்தில் காட்டும் லைவ்லாக்ஸ் தளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் போயிருந்தால் நான்காவது கண்ட்ரோலுக்கு இடப்பக்கமாகப் போயிருப்பேன். யாருமே இடப்பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை?

மார்ச் 15

வலது கணுக்கால். ஈரப் பாறை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். எழுத மனமில்லை.

மார்ச் 19

எலும்பில் ஒன்றுமில்லை. ஓடக்கூடாது, எத்தனை நாள் என்று கேட்டதற்கு "கால் சொல்லும்" என்கிறார்கள். ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குகிறேன்.

மார்ச் 23

நேரத்தைப் பங்கிடு, நேரத்தைப் பங்கிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்றும் ஒருவர் சொன்னார். கால் ஓயும் இந்த நாட்களில் எனக்கு நேரம் குவிந்து கிடக்கிறது. ஆய்வேடு அதற்கேற்ப நகர்ந்ததா? இல்லை. நான் அடிபட்டுக்கொண்டிருப்பது நேரத்தில் இல்லை என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

நன்றாக ஓடுகிற நாளில் ஒரு கண்ட்ரோலை அடைவதற்கு முன்பே அடுத்ததற்கான வழி கையில் இருக்கும். கொடி தெரிகிறது, வந்ததைப் பதியும் சிப்பை வைக்கிறேன், நிற்காமல் திரும்பி வெளியேறுகிறேன், ஏனென்றால் எந்தத் திசையில் வெளியேறவேண்டும் என்பதை இருநூறு மீட்டருக்கு முன்பே படித்தாகிவிட்டது. தூக்கம் குறைந்தால் கால்கள் எப்போதும்போல் ஓடும், மூச்சும் சரியாக இருக்கும். முன்கூட்டிப் படிப்பதுதான் முதலில் நின்றுபோகும். கொடிக்கு வந்து நின்று, அதன்பிறகு வரைபடத்தை மடித்து, திசைகாட்டியைத் திருப்பி யோசிக்கவேண்டும். கண்ட்ரோலுக்குப் பத்து விநாடி. பதினைந்து கண்ட்ரோல் இருந்தால் இரண்டரை நிமிடம். அஞ்சலோட்டத்தில் அந்த இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு பெருங்கூட்டமே தாண்டிப் போய்விடும்.

ஆய்வேடு என்ற ஒன்று தலையைவிட்டு இறங்குவதே இல்லை. பரீட்சை முடியும், வகுப்பு முடியும், இது மட்டும் சாப்பிடும்போதும் கூட இருக்கிறது. காட்டுக்குள் வெறும் தலையோடு போகவேண்டும். எனக்கு இரண்டுக்கும் ஒரே தலை. சிக்கல் இதுதான், வேறொன்றும் இல்லை. நாட்காட்டியில் எத்தனை கட்டம் வரைந்தாலும் இது தீராது.

மார்ச் 31

மெதுவாக ஐந்து கிலோமீட்டர். வலி இல்லை!! ஹோகா பள்ளத்தாக்கில் நீல ஹெப்பாடிக்கா பூத்திருக்கிறது. வெப்பமானியில் 7.

ஏப்ரல் 5

வெப்பம் 11. வேண்டாம். இன்னும் வேண்டாம்.

ஏப்ரல் 9

பொறிகளை நட்டாயிற்று. ரயிலில் தியெர்ப், அங்கிருந்து வண்டி. உயிருள்ள ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு எட்டத்தில், மரம் வெட்டிய வெளியில்தான் நடவேண்டும். இல்லாவிட்டால் இரையின் மணத்துக்கு வரும் வண்டுகள் பக்கத்து மரங்களிலும் இறங்கிவிடும். ஓரத்தில் போன வருடம் செத்த மரங்கள் பட்டை உரிந்து நிற்கின்றன. ஓடும்போது இப்படிப்பட்ட இடத்தைச் சலிப்போடுதான் தாண்டுவேன். விழுந்த மரங்கள் குறுக்கே கிடக்கும், வரைபடத்தில் பச்சை, அதாவது ஓடக் கடினமான இடம். இன்று அங்கேயே நாள் முழுவதும் நின்றேன். பட்டையின் உட்பக்கத்தில் தாய் வண்டு போட்ட நேர்வழி, அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் புழு வழிகள். இந்த வண்டுக்கு 1758இல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். இதே உப்சாலாவில்தான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தார். எங்கள் கழகத்துக்கும் அவர் பெயர்தான். இன்றைக்கு ஒருநாள் எனக்கு இரண்டு பிழைப்பும் ஒன்றாகத் தெரிந்தது.

உண்ணி பரப்பும் மூளையழற்சிக்கான தடுப்பூசியின் அடுத்த தவணையை மறக்கக்கூடாது.

ஏப்ரல் 14

வெப்பம் 9. நல்லது.

ஏப்ரல் 17

டியோமிலா அணிக்கான கழகத்தின் தேர்வு ஓட்டம். வரைபடம் 1:10,000. ஆறாவது கண்ட்ரோலுக்கு இரண்டு வழி: பாதையைச் சுற்றிப் போகலாம், சதுப்பை நேராகக் கடக்கலாம். நேராகப் போனேன். தண்ணீர் தொடைவரை, பனி உருகிய தண்ணீர். கணுக்கால் கட்டு நனைந்து கனத்தது, ஆனால் பிடித்தது. தலை வெறுமையாக இருந்தது. ஒரு கண்ட்ரோலில்கூட நிற்கவில்லை. முதல் அணியில் ஐந்து இடம், அதில் மூன்று யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 20

பட்டியல் வரவில்லை.

ஏப்ரல் 21

பட்டியல் வரவில்லை. அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார். வண்டு எப்போது என்று பேராசிரியர் கேட்கிறார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 23

பட்டியல் வந்தது. அஞ்சலோட்டத்தில் இரண்டாவது ஆளாக ஓடுகிறேன். முதல் அணி!

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலுக்கு ஒன்றும் ஆகாதே?" என்றார். பிறகு, "அந்தப் புள்ளி ஓடுமே, அதை எங்கே பார்ப்பது? அப்பாவைக் கேட்டால் ஒரு நாளும் ஒழுங்காகக் காட்டமாட்டார்." ஜிபிஎஸ் புள்ளியை அம்மா பார்க்கப்போகிறார். இணைப்பை அனுப்பிவிட்டு வெகுநேரம் தூங்கமுடியவில்லை.

ஏப்ரல் 25

வானிலை அறிக்கை: அடுத்த வாரச் சனிக்கிழமை 19.

டியோமிலாவும் அதே சனிக்கிழமை.

ஏப்ரல் 26

பேராசிரியரிடம் நேராகவே கேட்டேன். பொறிகளில் வண்டு எடுக்கும் நாளை வெள்ளிக்கு மாற்றலாமா? வெள்ளி விடியற்காலை பொறிகளைத் திறந்து சுத்தமாக்கிவிட்டால் சனி, ஞாயிறுப் பறப்பு முழுவதும் அடுத்த வாரக் கணக்கில் விழும், எதுவும் விட்டுப்போகாது. அவர் யோசித்தார். மாற்றலாம், ஆனால் வெள்ளி என்றால் கோடை முடியும்வரை வெள்ளிதான் என்றார். இடைவெளி மாறினால் தரவுக்கு மதிப்பில்லை. நியாயம். நானே அவரிடத்தில் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஜூன் நடுவில் பின்லாந்தின் பெரிய அஞ்சலோட்டம், யூகோலா. வெள்ளியன்று கழகம் பின்லாந்துக்குக் கப்பல் ஏறும். அதற்கு அடுத்து மிட்சம்மர் என்ற நடுக்கோடைத் திருவிழா, அதுவும் வெள்ளி. தியெர்ப் வெட்டுவெளியில் நான் மட்டும் நிற்பேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். டியோமிலாவுக்காக யூகோலாவை அடகு வைத்தாயிற்று. ஒருவேளை காலை வேலையை முடித்துவிட்டு மாலைக் கப்பலைப் பிடிக்கலாம். பார்க்கவேண்டும். இப்போது பார்க்கக்கூடாது.

ஏப்ரல் 30

வால்போரி, வசந்தத்தை வரவேற்கும் விழா. காலையில் ஃபியூரிஸ் ஆற்றில் மாணவர் தெப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்தன. பாலத்தில் ஊரே நின்று கத்தியது. மூன்று மணிக்கு கரோலினா நூலகத்தின் முன்னால் வெள்ளைத் தொப்பிகள். நான் வங்கிப் பக்கச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 16.

மே 2

விடியற்காலை ரயில். பையில் மாதிரிக் குப்பிகள் ஒரு பக்கம், ஆணிக் காலணி, திசைகாட்டி, சிப் இன்னொரு பக்கம். பொறிகளில் ஒன்றிரண்டு வண்டுகள்தான், முந்திரிக்கொட்டைகள். எண்ணிக் குப்பியில் போட்டு நாளும் இடமும் எழுதினேன். கழகத்தின் பஸ் ஒரு மணிக்கு. ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று அறிவிக்கிறார்கள். இப்போது 14 பாகை, வெயில் ஏறுகிறது, நாளைய வரைபடத்தை யாரும் இன்னும் பார்க்கவில்லை. ரயில் வருகிறது.